எந்திரி, சகோதரி

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, இந்தச் சாக்கு மூட்டை முதுகுல இடிக்குது. ஆங், போதும் போதும். எந்த ஊருக்குப் போற வண்டி இது? கல்கிஸுக்கா? நல்லது. ரோடாவா இது, குலுக்கிற குலுக்குல பல்லெல்லாம் ஆடிடும் போல.

என்ன, என் கையையே பாக்கறே? பயப்படாதே, தொத்து வியாதி எதுவும் இல்ல. அம்மைத் தழும்பும் இல்ல. ஊசி குத்துன புள்ளி. எலும்புல செதுக்கி நுனியைத் தீட்டி வச்சிருப்பாங்களே, கொண்டை ஊசி, அது. நான் அந்தியோக்கியாவுல கசியானா அம்மா வீட்டுல தலை அலங்காரம் செய்ற அடிமையா இருந்தேன். அம்மான்னா பெத்த அம்மா இல்ல, எஜமானியம்மா. என்னைப் பெத்தவ யாருன்னே எனக்குத் தெரியாது. மிர்த்தாலிங்கற பேருகூட அந்த வீட்டுல வச்சதுதான்.

சுருட்டை சரியா விழலேன்னா அம்மாவுக்குக் கோபம் வரும். கையில கெடச்ச ஊசியை எடுத்து என் கையில ஒரு குத்து. அதோட சரி. மனசுல வச்சுக்கவே மாட்டாங்க. அடுத்த நிமிஷமே கண்ணாடியைப் பாத்துக்கிட்டு, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கு"ன்னு சொல்லுவாங்க. மத்த வீடுகள்ல சாட்டையே எடுப்பாங்களாம். நம்ம வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது.

மூஞ்சியை அப்படி வைக்காதேம்மா. நான் சொல்ல வந்தது அதில்ல. என் வயித்தெரிச்சல் வேற. அவங்க எனக்கு விடுதலை குடுத்துட்டாங்க.

சிரி, சிரி. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க. "உனக்கென்ன, அதிர்ஷ்டக்காரி"ங்கறாங்க. யாரு கேட்டா விடுதலை? நான் கேட்டேனா? சமையக்காரி கேட்டா, குடுக்கட்டும், அவளுக்கு ஊருல புருஷன் இருந்தான். குதிரைக்காரன் கேட்டான். நான் கேட்டேனான்னு அம்மாகிட்ட கேட்டுப் பாரு.

நீ சாதாரணமா ஒரு கொண்டை போட்டிருக்கே. பெரிய வீட்டுப் பொம்பளைங்க கொண்டை அப்படி இல்ல. அதை ஊசி குத்தி மட்டும் நிறுத்த முடியாது, தைக்கணும். ஆமாங்கறேன், துணி தைக்கிற மாதிரிதான். ஊசி, முடி நிறத்துலயே கம்பளி நூல். பின்னலைப் போட்டு, தலையைச் சுத்திக் கொண்டுவந்து, அடியில யார் கண்ணுக்கும் தெரியாம தையல் போடணும். முன்னால சுருட்டைக்கு இரும்புக் கம்பியைச் சாம்பல்ல சூடு காட்டி எடுக்கணும். சூடு கூடிப்போனா முடி பொசுங்கிடும், குறைஞ்சா சுருளாது. காலையில உக்காந்தா வெயில் முற்றத்துக்கு வர்ற வரைக்கும் ஆகும்.

அப்புறம் அதை அவங்களா அவிழ்க்க முடியாது, பாத்துக்கோ. தையலாச்சே, எங்க தொடங்கினேன், எங்க முடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். பொழுது சாஞ்சதும் நான் வந்து நூலை அறுத்தாத்தான் அவங்க தலையணையில தலை வைக்க முடியும். அவங்க புருஷன் நகரசபையில பெரிய ஆளு. அவரு செத்த அன்னிக்குகூட அம்மா முதல்ல கூப்பிட்டது என்னைத்தான். "மிர்த்தாலி, அவிழ்த்துவிடு"ன்னாங்க. அந்த மனுஷன் அந்தத் தலையை எத்தனை தரம் தொட்டிருப்பாரோ என்னமோ. நான் தொடாத நாள் கிடையாது.

தலை மட்டுமா? பல்லு விளக்க மான்கொம்பு சுட்ட பொடி, அது என் பொறுப்பு. முள்வாங்கியால புருவம் எடுக்கறது, காதுல குறும்பி எடுக்கறது, கண்ணுக்கு மை. குளிக்கப் போனா எண்ணெய் தேய்ச்சு, செப்புச் சுரண்டியால வழிச்சு எடுக்கறது. அவங்க முதுகுல எங்க மச்சம் இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். இதுக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் எப்படித் தெரிஞ்சு வச்சுக்கறது, சொல்லு.

புருஷன் போனப்புறம் அம்மாவுக்கு மனசு மாறிடுச்சு. தேவாலயத்துக்குப் போறதும் வர்றதும், சாமியார்கள் வீட்டுக்கு வர்றதும். பட்டுத் துணியெல்லாம் எடுத்து ஏழைங்களுக்குக் குடுத்தாங்க, முத்து மாலையைக் குடுத்தாங்க. குடுக்கட்டும், அவங்க சொத்து. ஒருநாள் காலையில நான் கம்பியைச் சூடு பண்ணி எடுத்துக்கிட்டு உள்ள போறேன், அம்மா தரையில உக்காந்திருக்காங்க, சுத்தி முழுக்க முடி. ஆடு மயிர் வெட்டற கத்திரியால அவங்களே வெட்டிக்கிட்டாங்க. கோணல்மாணலா, அங்கங்க திட்டுத்திட்டா. வெட்டறதுன்னு முடிவு பண்ணியாச்சுல்ல, அதுக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கலாமா இல்லையா? ஒழுங்கா வெட்டி விட்டிருப்பேனே!

"அம்மா, என்ன இது?"ன்னேன்.

"இனிமே என் பின்னால நீ நிக்க வேண்டாம், மிர்த்தாலி"ன்னாங்க. அப்படி ஒரு சந்தோஷம் முகத்துல. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க, சின்னப் பிள்ளை மாதிரி.

அப்புறம் எங்க எல்லாரையும் தேவாலயத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ஆயர் முன்னால நிறுத்தி, இவங்கல்லாம் இனி சுதந்திரமானவங்கன்னு சொல்லிட்டாங்க. குதிரைக்காரன் குதிச்சான். சமையக்காரி தரையில விழுந்து அழுதா. நான் அம்மாவைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அவங்க என் பக்கம் பாக்கல. மறுநாளே வீட்டைத் தேவாலயத்துக்கு எழுதி வச்சுட்டு, கல்கிஸ் ரோட்டுல இருக்கிற கன்னியர் மடத்துக்குப் போயிட்டாங்க. அதான், இப்ப நான் வண்டி ஏறுனேனே, அந்த வெள்ளைச் சுவர்.

நான் தோல் பதனிடறவங்க தெருவுல மாடியில ஒரு ரூம் பிடிச்சேன். முத நாள் காலையில முழிப்பு வந்துச்சு. யாரும் கூப்பிடல. படுத்தபடியே கெடந்தேன், இப்பக் கூப்பிடுவாங்க, இப்பக் கூப்பிடுவாங்கன்னு. கீழ தெருவுல எவனோ கழுதையைத் திட்டிக்கிட்டுப் போறான், அது மட்டும்தான் சத்தம். எந்திரிச்சு எதுக்கு? யாருக்குத் தண்ணி காய வைக்கறது? அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல. பேச ஆளில்ல.

சரி, நாமளும் சுதந்திரமானவதானேன்னு பொதுக் குளியலுக்குப் போனேன். பொம்பளைங்க நேரத்துக்குத்தான். எத்தனையோ வருஷம் அதே இடத்துக்கு அம்மாவோட போனவ, எனக்கென்ன பயம்? உள்ள போயி எண்ணெய் தேய்ச்சுக்கிட்டேன். கையை வழிச்சாச்சு, காலை வழிச்சாச்சு. முதுகுக்கு எட்டல. இப்படித் திரும்பிப் பாத்தேன், அப்படிச் சுரண்டிப் பாத்தேன், ம்ஹூம். சுத்தியும் அக்கா தங்கச்சி, அம்மா பொண்ணு, எஜமானி வேலைக்காரின்னு சோடி சோடியா உக்காந்து தேய்ச்சு விட்டுக்கிட்டிருக்காங்க. யாரைப் போயி, "என் முதுகை வழிச்சு விடுறியா"ன்னு கேக்கறது? எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமே இல்லையே. எண்ணெயோடயே உடுப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். முதுகெல்லாம் துணி ஒட்டிக்கிட்டு, வீதியில பாத்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் அங்க போகல.

வேலையும் பாத்தேன், சும்மா இருக்கல. கல்யாண வீடுகள்ல கூப்பிட்டாங்க. ஒரு பொண்ணு, "அய்யோ, தலையைப் பிய்க்கிறா"ன்னு அலறுறா. அவ ஆத்தாக்காரி என்னைத் துரத்திவிட்டா. இன்னொரு வீட்டுலயும் அதே கதை. எங்கம்மா ஒருநாளும் கத்துனதில்ல. வலிச்சா குத்துவாங்க, அவ்வளவுதான். குத்துனதும் நான் புரிஞ்சுக்கிட்டு கையைத் தளர்த்துவேன். எங்களுக்குள்ள ஒரு பேச்சு மாதிரி அது. இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது.

திராட்சை அறுக்கற சமயம். மனசு கேக்கல, மடத்துக்கு நடந்தே போயிட்டேன். என்னை உள்ள சேத்துக்கோங்க, அம்மாவைப் பாத்துக்கறேன்னு கேட்டேன். வாசல்ல ஒரு வயசான சகோதரி, பார்வை மட்டம். "இங்க யாரும் யாருக்கும் பணிவிடை செய்றதில்ல, யாரும் யாரையும் தொடறதில்ல, நோயாளிங்க தவிர யாரும் குளிக்கறதும் இல்ல"ன்னா. குளிக்கறதில்லையாம்! எங்கம்மா! ரோஜாத் தண்ணி ஊத்தாம வெந்நீரைத் தொட மாட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்தக் கிழவி மனசு இரங்கி, "வழிப்போக்கரா வேணா ஒரு ராத்திரி தங்கிட்டுப் போ"ன்னு விருந்தாளிக் கூடத்துக்கு அனுப்பினா.

கூடத்துல ஒரு மரப்பலகை. உக்காந்தேன். வழிப்போக்கர் காலைக் கழுவறது மட்டும் அங்க உண்டாம், ஒரு சகோதரி தண்ணித் தொட்டியோட வந்தா. தலையில முக்காடு, மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருக்கு. என் முன்னால மண்டி போட்டு, என் செருப்பைக் கழட்டி, காலைத் தண்ணியில வச்சா. அந்தக் கையைப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சுண்டுவிரல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். எங்கம்மா கை!

கேளு தாயி, என் காலை யாரும் கழுவுனதில்ல. பெத்தவ கழுவியிருப்பா, எனக்கு ஞாபகம் இல்ல. கசியானா அம்மா கழுவறாங்க. ஒழுங்காக் கழுவத் தெரியல, அது வேற விஷயம். குதிகாலை விட்டுட்டாங்க, விரலிடுக்கைத் துடைக்கவே இல்ல. "இப்படித் தேய்ங்கம்மா"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். பேசினா நான் யாருன்னு தெரிஞ்சுடும், எழுந்து போயிடுவாங்கன்னு பயம். அவங்க நிமிந்து முகத்தைப் பாக்கறதில்ல. கணுக்காலுக்கு மேல பாக்கக் கூடாதுன்னு அங்க விதி.

இன்னொரு விதியும் இருக்கு. கழுவி முடிச்சதும் அந்தச் சகோதரி, "நான் பாவி, என்னை மன்னிச்சு எழுப்பிவிடுங்க"ன்னு சொல்லணும். விருந்தாளி, "எந்திரி சகோதரி, ஆண்டவர் மன்னிப்பார்"னு சொல்லணும். சொன்னாத்தான் எந்திரிக்கலாம். சொல்லலேன்னா அப்படியே மண்டியில இருக்கணும், ஜெபத்துக்குக் கூப்பிட மணிக்குப் பதிலா வாசல்ல தொங்கற பலகையைத் தட்டுற வரைக்கும்.

நான் சொல்லல.

ஏன்னு கேக்கறியா? சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்களே! சொல்லலேன்னா என் கிட்டவே இருப்பாங்க. நான் ஒண்ணும் செய்யல தாயி. அன்னிக்கு மட்டுமில்ல, அப்புறம் போனப்பல்லாம் சும்மா அந்த முக்காட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். உள்ள முடி எப்படி வளந்திருக்கோ, அந்தத் திட்டெல்லாம் சமமாச்சோ இல்லையோன்னு நினைச்சுக்கிட்டிருப்பேன். என் பாட்டுக்கு மனசுக்குள்ள பின்னி, மனசுக்குள்ள தைச்சு முடிச்சிருப்பேன். பலகையைத் தட்டுவாங்க, அவங்க எந்திரிச்சுப் போவாங்க. மண் தரைதான், முட்டி நோகும்தான். நோகட்டுமே, எனக்குத் தெரியாதா முட்டி நோவு? அந்த ராத்திரியெல்லாம் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

ஒரு ராத்திரிக்கு மேல தங்க விட மாட்டாங்க. காலையில கெளம்பி, பக்கத்துல எண்ணெய்ச் செக்கு இருக்கற ஊருல போயி ஒரு கொட்டகையில கெடப்பேன். மறுநாளோ அதுக்கு மறுநாளோ திரும்பி வருவேன், புதுசா வர்ற வழிப்போக்கி மாதிரி. கால் சுத்தமா இருந்தா சந்தேகம் வருமே, அதுக்காக வாசலுக்கு முன்னாலயே ஆட்டுப்பட்டி மண்ணுல ரெண்டு காலையும் நல்லாத் தேய்ச்சுக்குவேன். சும்மா சொல்லக் கூடாது, அதுல ஒரு குஷியே இருந்துச்சு. முக்காட்டை மாத்திக் கட்டுவேன், நொண்டுவேன். வாசல் கிழவிக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. மழை பிடிக்கிற வரைக்கும் இப்படியே ஓடுச்சு. வர்றேன், கால் நீட்டறேன், அவங்க கழுவறாங்க, "என்னை மன்னிச்சு எழுப்பிவிடுங்க"ங்கறாங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

அந்த விடுதலைக்கு அப்புறம் எனக்குக் கெடச்ச சந்தோஷம் அது ஒண்ணுதான்.

நேத்து என்ன ஆச்சு, கேளு. மழையில நனைஞ்சு போயிருந்தேன். காலை நீட்டுனேன். கழுவினாங்க. இப்பல்லாம் நல்லாவே கழுவக் கத்துக்கிட்டாங்க, விரலிடுக்கெல்லாம் துடைச்சாங்க. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. வழக்கம்போல "நான் பாவி"ன்னு சொன்னாங்க. வழக்கம்போல நான் பேசல. கூடத்துல வேற யாருமில்ல. கூரையில மழைச் சத்தம். ரொம்ப நேரம் ஆச்சு.

அப்ப, குனிஞ்ச தலை குனிஞ்ச மாதிரியே, "மிர்த்தாலி, முட்டி ரொம்ப வலிக்குது"ன்னாங்க.

நான் காலைச் சட்டுன்னு இழுத்துக்கிட்டேன் தாயி.

"என்னைத் தெரியுமாம்மா?"ன்னேன்.

"முத நாளே தெரியும். வாசல் சகோதரிக்கும் தெரியும். நான்தான் உன்னை விடச் சொன்னேன்"ன்னாங்க.

முத நாளே தெரியுமாம்! தெரிஞ்சுதான் கழுவினாங்களாம்! எனக்கு அப்ப வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல, அப்படியே அள்ளிக் கட்டிக்கலாம் போல இருந்துச்சு. அதுக்குள்ள அவங்க சொல்றாங்க, "நீ எதுக்கு வர்றேன்னும் தெரியும். நான் உன் கையில குத்துன ஒவ்வொரு குத்தும் எனக்கு ஞாபகம் இருக்கு. என்னை மண்டி போட வச்சுப் பாக்க உனக்கு உரிமை உண்டு. நீ மன்னிக்கிற வரைக்கும் நான் இந்த வேலையை விடறதில்லன்னு ஆண்டவர்கிட்ட நேந்துக்கிட்டேன். ஆனா முடியல, மிர்த்தாலி. உன் காலைப் பாத்தாலே பயமா இருக்கு. மன்னிச்சுடு."

பயமாம். என்னைப் பாத்து.

நான் பழிவாங்கவா வந்தேன்? நீயே சொல்லும்மா. கோபம் இருந்தா இப்படி ஆட்டுப்புழுக்கையில காலைத் தேய்ச்சுக்கிட்டு எவளாவது வருவாளா? உன்கூட இருக்கத்தான் வந்தேன், எனக்கு உன்னை விட்டா வேற நாதி இல்லன்னு சொல்லணும். சொல்ல முடியல. அந்த முதுகு நடுங்கறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். அவ்வளவு காலம் இந்தக் கை அந்தத் தலையில கெடந்துச்சே, இந்தக் கையைப் பத்தி அவளுக்கு ஒண்ணுமே தெரியலையே!

என்னத்தைச் சொல்றது. "எந்திரி, சகோதரி. ஆண்டவர் மன்னிப்பார்"னு சொல்லிட்டேன்.

சொன்னதுதான் தாமதம், அழுதா, சிரிச்சா. கையைத் தரையில ஊனி மெல்ல எந்திரிச்சா. முக்காட்டைத் தூக்கி ஒரே ஒரு தரம் என் முகத்தைப் பாத்தா. எத்தனையோ வருஷத்துல கண்ணாடியில பாக்காம நேருக்கு நேரா அவ என்னைப் பாத்தது அப்பத்தான்னு நினைக்கறேன். "ரொம்ப நன்றி, மிர்த்தாலி. இனி நீ இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டாம்"ன்னா. தொட்டித் தண்ணியை வாசல்ல கொட்டிட்டு, பாரம் இறங்குன மாதிரி விறுவிறுன்னு உள்ள போயிட்டா. இன்னிக்குக் காலையில அவளுக்குச் சமையல்கட்டுல வேலை மாத்திக் குடுத்தாச்சுன்னு கிழவி சொன்னா. அவ்வளவு சந்தோஷமா பாட்டுப் பாடிக்கிட்டு மாவு பிசையறாளாம்.

நல்லா இருக்கட்டும். நான் என்ன சாபமா விடப் போறேன்.

ஆனா எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வார்த்தைதானே தாயி? அதை நான் சொல்லாம வச்சிருந்த வரைக்கும் எனக்குப் போக ஒரு இடம் இருந்துச்சு. இப்ப நான் எங்க போயி காலை நீட்டறது? மாடி ரூமைக் காலி பண்ணிட்டேன். கல்யாண வீட்டுல கூப்பிட மாட்டாங்க. வண்டி வந்துச்சு, ஏறி உக்காந்துட்டேன். எங்க போகுதுன்னு ஏறுனப்புறம்தான் உன்கிட்ட கேட்டேன், கவனிச்சியோ என்னமோ.

அழாதே, நீ எதுக்கு அழறே? நான்தான் பொழுது போகாம எதையோ பேசிக்கிட்டு வர்றேன்.

அதோ சுங்கச் சாவடி தெரியுது பாரு. அங்க ஒரு காவக்காரன் நிப்பான். தனியா வர்ற பொம்பளைன்னா இறக்கி விட்டு ஆயிரம் கேள்வி கேப்பான், நீ யாரு, யாரு வீட்டுப் பொம்பளை, யாரோட வந்தேன்னு. உனக்குச் சிரமம் இல்லேன்னா ஒரு வார்த்தை சொல்லும்மா, இவ என்னோட வந்தவன்னு. சாவடி தாண்டுற வரைக்கும்தான்.